இடது ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு

விசாரணை மன்றத்தில் எல்லாரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் பாம்புக்காது. முகத்துக்கு நேரே 'அக்கா' என்பார்கள், நகர்ந்ததும் 'பாம்புக்காது' என்பார்கள். அது அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. அப்படியொரு காதை வைத்துக்கொண்டு அது மட்டும் கேட்காமல் இருக்குமா?

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கிற மன்றம் அது. அங்கே பேசுவதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவுகள் அவள் வீட்டு மடிக்கணினிக்கு வரும். கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து, அச்செடுத்துச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். பதினேழு வருஷமாக இதுதான் வேலை. சாட்சிகளில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை, ஆனால் குரலை வைத்தே பாதிக் கதை சொல்லிவிடுவாள். இவருக்குப் பல் செட்டு புதுசு, இந்தம்மா அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், இந்த ஆள் 'அதாவது' என்று ஆரம்பித்தாலே அடுத்து வருவது பொய் என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

காதில் இயர்போன் மாட்டுகிற பேச்சே கிடையாது. இருபது வயதில் இடது காதுச் சவ்வில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆனது. காதுக்குள் எதையும் செருகாதே, மேலே எதையும் வைத்து அழுத்தாதே என்று அன்றைக்கு டாக்டர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வெளியே வைக்கிற ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அது ஜன்னலோரம் மழையில் நனைந்து உயிரை விட்டது. அதன் பிறகு மடிக்கணினியிலேயே இருக்கும் ஸ்பீக்கர்கள்தான். விசைப்பலகைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மேலே சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள்.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. உள்ளறை ஜன்னலுக்குக் கீழே அவள் மேஜை. கணவர் பஸ் டிரைவர். விடிகாலை முதல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனால் மதியம் இரண்டு மணிக்கு வீடு வருவார். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஆக, காலை நேரம் முழுக்க வீட்டில் அவளும் அவளுக்குத் தெரியாத மனிதர்களின் குரல்களும்தான்.

ஒரு திங்கட்கிழமை முதல் முறையாக அந்தக் கரகரப்பு கேட்டது. காய்ந்த இலையை யாரோ உள்ளங்கையில் வைத்துக் கசக்குவதுபோல் ஒரு சத்தம். வக்கீல் அம்மா பேசும்போது இல்லை. கனமான குரலில் ஒரு ஆண் பேசினால் வந்தது. சத்தத்தைக் குறைத்தால் கரகரப்பும் குறைந்தது, கூடவே பேச்சும் குறைந்தது. ஒலிவாங்கி கெட்டிருக்கும் என்று முதலில் நினைத்தாள். மறுநாள் வேறு அறையில், வேறு ஒலிவாங்கியில் எடுத்த பதிவு வந்தது. அதிலும் கரகரத்தது. கோளாறு தன் காதில்தானோ என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. சத்தம் இடது பக்கமிருந்து வந்தது, ஆபரேஷன் ஆன காதும் இடதுதான்.

அதன் பிறகு நடந்ததற்கு அவளைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருவிலேயே காது டாக்டர் இருந்தார். போகவில்லை. கணவரிடம் சொல்லவில்லை. காது போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டால் வேலை போய்விடும், சொல்லாதவரை ஒன்றும் ஆகாது என்கிற மாதிரி நடந்துகொண்டாள். கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் போடுவது விதி. மூன்று வாரத்தில் அவள் அப்படிப் போட்டது இரண்டே இடத்தில். மற்ற இடங்களில், பதினேழு வருஷ அனுபவத்தில், என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்து நிரப்பினாள். எல்லாம் சாதாரணச் சொற்கள்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

குட்டு உடைந்தது அவள் அண்ணனால். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மடிக்கணினியில் வீடியோ அழைப்பில் வந்தார். அண்ணனுக்கு இயல்பிலேயே பானைக்குள் பேசுகிற மாதிரி குரல். தங்கையிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்திருந்த கணவர் தலையைத் தூக்கினார்.

"என்ன மச்சான், தொண்டை கட்டியிருக்கா? கரகரன்னு இருக்கே."

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்றார் அண்ணன், இன்னும் கரகரவென்று.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் கேக்குதா?"

"என்ன கேக்குதாவா? சோளம் பொரியற மாதிரி பொரியுது. கீழ் வீட்டுக்கே கேட்டிருக்கும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணன் திரையிலிருந்து, "என்னம்மா ஆச்சு, நான் அப்படி என்ன சொல்லிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே வைத்தியத்தைத் தொடங்கினாள். மடிக்கணினியை அணைத்துப் போட்டாள். போகவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினாள், அப்போதும் அதே கரகரப்பு. அமைப்புகளுக்குள் போய், ஒலியைத் தானாக மெருகேற்றுகிறேன் என்று ஏதோ ஒரு வசதி டிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எடுத்துவிட்டாள். குரல் கொஞ்சம் சப்பென்று ஆனதுதான் மிச்சம். பிறகு இணையத்தில் தேடிப் படித்தாள்.

"டிரைவரை எடுத்துட்டு மறுபடி போடணுமாம்" என்றாள்.

கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கேன். என்னை எடுத்துட்டு வேற யாரைப் போடப்போற?"

"உங்களை இல்லீங்க. இந்தப் பெட்டிக்குள்ள சத்தத்துக்குன்னு ஒரு டிரைவர் இருக்காராம்."

"அவருக்கு டிப்போ எங்க?"

அந்த டிரைவரை நீக்கி, மடிக்கணினியை மறுபடி எழுப்பி, புதிதாகப் போட்டாள். ஆள் மாறியும் வண்டி மாறவில்லை. கரகரப்பு அப்படியே இருந்தது.

கணவர் எழுந்து வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கணினி அவருக்குத் தெரியாது, ஆனால் சத்தம் தெரியும். "பஸ்ல ஒரு சத்தம் வந்தா மெக்கானிக் முதல்ல என்ன கேப்பான் தெரியுமா? எந்த வேகத்துல வருது, எந்தப் பக்கம் வருது. அதைக் கண்டுபிடிக்காம நீ எதைக் கழட்டினாலும் வீண்."

ஒலியைச் சோதிப்பதற்கென்றே ஒரு பக்கம் இணையத்தில் கிடைத்தது. அடிக்குரலில் உறுமலாகத் தொடங்கி, மெல்ல ஏறி, கடைசியில் விசில்போல் முடியும் ஒரே ஒரு நீண்ட ஒலி. ஓடவிட்டார்கள். தொடக்கத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஏறியதும் கரகரவென்று பிடித்தது. இன்னும் ஏறியதும் விட்டுவிட்டது. அதற்கு மேல் கண்ணாடி மாதிரி சுத்தம். திரும்பத் திரும்ப ஓட்டினார்கள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பிடித்து அதே இடத்தில் விட்டது. கனத்த ஆண்குரல் ஏறி இறங்குகிற இடம் அது. பெண்குரல் அதற்கு மேலே போய்விடுவதால் தப்பித்திருக்கிறது.

"வேகம் தெரிஞ்சு போச்சு. பக்கம்?" என்றார் அவர்.

இடது, வலது ஸ்பீக்கர்களின் சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கோடு ஒன்று அமைப்புகளில் இருந்தது. வலதைச் சுழியமாக்கினாள். இடது தனியாகக் கரகரத்தது. இடதைச் சுழியமாக்கி வலதை முழுசாக வைத்தாள். அறை அமைதியானது. ஒலி மட்டும் வழவழவென்று ஏறி முடிந்தது.

"நோய் வலது பக்கத்துக்குப் பரவலை" என்றார் அவர். எழுந்து டீ போடப் போனார்.

கடைக்குக் கொண்டுபோகும்வரை வலது ஸ்பீக்கரோடு ஓட்டலாம் என்று அவள் முடிவு செய்தாள். மறுநாள் காலை, புது வேலையைத் தொடுவதற்கு முன், அந்த மூன்று வாரப் பதிவுகளையும் திரும்பக் கேட்க உட்கார்ந்தாள். பத்தொன்பது பதிவுகள். நிரப்பியதெல்லாம் சரி என்று பார்த்துவிட்டால் நிம்மதி என்பதுதான் எண்ணம். முதல் எட்டில் ஐந்து பிழை இருந்தது. 'அங்கே' என்பது 'இங்கே' ஆகியிருந்தது, 'சரி சார்' என்பது 'சார்' ஆகியிருந்தது. யாருக்கும் குடி முழுகிவிடாது.

ஒன்பதாவது பதிவு அட்டைப்பெட்டி ஆலை வழக்கு.

அங்கே உருளைகளுக்கு நடுவில் அட்டை சிக்கினால் இயந்திரத்தை அணைப்பார்கள். உருளைகள் முழுக்க நின்றதும் ஒரு மணி அடிக்கும். மணி அடித்த பிறகுதான் கையை விட்டு எடுக்க வேண்டும். ஒரு தொழிலாளிக்கு அப்படி எடுக்கும்போது இரண்டு விரல்கள் போயின. மணிக்குப் பிறகுதான் கையை விட்டேன், ஆனாலும் உருளை சுற்றியது, ஆகவே தப்பு ஆலையுடையது என்பது அவர் சொன்னது. அவருக்கு மெல்லிய, இழுத்துப் பேசும் குரல். அந்தச் சாட்சியத்தைத் தட்டச்சு செய்தபோது அவளுக்கு மனசு கனத்தது. அவருக்கு அடுத்துச் சாட்சி சொன்னவர் அந்த ஷிப்ட்டின் மேஸ்திரி. கட்டைக் குரல். ஆலையின் வக்கீல் கேட்டார்: "கையை உள்ளே விட்டது மணிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மேஸ்திரியின் பதிலில் தலையைக் கரகரப்பு தின்றிருந்தது. வால் மட்டும் கேட்டது: "...ன்னாடிதான் சார்."

தொழிலாளி சொன்னதை வைத்து அவள் 'பின்னாடிதான் சார்' என்று அடித்திருந்தாள்.

இப்போது வலது ஸ்பீக்கரில் அந்த இடத்தை ஓடவிட்டாள். "முன்னாடிதான் சார்."

ஏழு தடவை கேட்டாள். ஏழாவது தடவையும் மேஸ்திரி மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

தட்டச்சுப் படி இரண்டு தரப்புக்கும் போயிருந்தது. ஆட்சேபம் சொல்லக் கொடுக்கிற பத்து நாளும் கடந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதாவது யாரும் படிக்கவில்லை. தீர்ப்பு எழுதும்போது மன்ற அதிகாரி கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான். மேஸ்திரியே தொழிலாளிக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டார் என்று அது சொல்லும்.

மதியம் கணவர் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "விரல் போனவருக்கு ஒரு எழுத்து சாதகமா விழுந்திருக்கு. விழட்டுமே. ஆலைக்காரன் என்ன தெருவுக்கா வந்துடப்போறான்?"

"அதை முடிவு பண்ண நான் யாருங்க?"

"நீ முடிவு பண்ணலை. ஸ்பீக்கர் பண்ணிச்சு."

"ஸ்பீக்கர் வெறும் சத்தம்தான் போட்டுச்சு. எழுத்தைப் போட்டது நான்."

அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். அவள் அடுத்த இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. நேர்மை பொங்கி எழுந்து அவள் கிளம்பிப் போனாள் என்று சொன்னால் அது பொய். மூன்றாம் நாள் வேறொரு வழக்கின் பதிவை எடுத்தாள். ஒரு பெண் தெளிவாக 'ஆமாம்' என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லை அடிக்க அவளுக்கு விரல் வரவில்லை. ஓட்டி ஓட்டிக் கேட்டாள். 'ஆமாம்'தானா, 'ஆமா, ஆனா'வா? ஒரு மணி நேரத்தில் அரைப் பக்கம்கூட நகரவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டுப் புடவை மாற்றினாள்.

பிரிவு அலுவலர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல மனிதர், வம்பென்றால் நாலு அடி தள்ளி நிற்பவர். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அக்கா, யாராவது கேட்டாங்களா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் நீங்களே போய்த் தலையைக் குடுக்கறீங்க? மத்த பிழையெல்லாம் திருத்தி ஒரு படி குடுங்க. நான் மாத்தி வெச்சுடறேன். இந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுடலாம்."

"என் காதை நம்பி இனி எதையும் வைக்க வேணாம்னு சொல்லத்தான் வந்தேன் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "உங்களுக்கு வேலை குடுக்கறதை நிறுத்தச் சொல்லுவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"கரகரன்னு கேட்டப்பவே ஒரு போன் பண்ணியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

காது போய்விட்டதோ என்று பயந்ததை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னாள். அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

பத்தொன்பது பதிவுகளில் பதினான்கு திருத்தங்கள். ஒவ்வொன்றாக எழுதி, பிழைக்குக் காரணம் என்ற இடத்தில், 'என் மடிக்கணினியின் ஸ்பீக்கர் பழுதாகியிருந்தது. கேட்காததைக் கேட்டதுபோல் நான் நிரப்பினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறு உத்தரவு வரும்வரை அவளுக்கு வேலை அனுப்பக் கூடாது என்று மறுநாளே கடிதம் வந்தது.

சும்மா இருந்த அந்த நாட்களில் மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துப் போனாள். கடைத்தெருவில் செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அளவுக்குச் சின்னக் கடை. பழுது பார்ப்பது ஒரு பெண். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தாள். அடிமூடியைக் கழற்றி, இடது ஸ்பீக்கரை இடுக்கியால் தூக்கி, விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, நீங்க ஆபீஸ் வேலையா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"இது ஸ்பீக்கரா, பின் டப்பாவா?" என்று சொல்லிவிட்டு அதை நீட்டினாள்.

ஸ்பீக்கருக்குள் ஒரு காந்தம் உண்டு. அதைச் சுற்றி மூன்று இரும்புத் துணுக்குகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்டேப்ளர் பின்னின் உடைந்த கால்கள். அச்சடித்த கற்றைகளைப் பிரிக்கும்போது அவள் பின்னை நகத்தால் நெம்பி எடுப்பாள், அதுவும் விசைப்பலகைக்கு மேலே, இடது கையால். தெறித்த துண்டுகள் சல்லடை வழியாக விழுந்து காந்தத்தில் குடியேறியிருக்கின்றன. குறிப்பிட்ட கனத்தில் குரல் வந்தால் ஸ்பீக்கரின் மெல்லிய தாள் அதிர்ந்து பின்னில் உரசியிருக்கிறது.

அந்தப் பெண் ஒட்டுநாடாவால் துணுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்தாள். மூடியைப் பூட்டிச் சோதனை ஒலியை ஓட்டிக் காட்டினாள். உறுமலிலிருந்து விசில்வரை எங்கும் பிசிறில்லை.

"புது ஸ்பீக்கர் போட வேணாமா?"

"எதுக்கு? தாள் கிழியலை. நீங்க இனிமே பின்னைத் தள்ளி உட்கார்ந்து பிடுங்குங்க, போதும்."

வழியில் காது டாக்டரிடமும் போனாள். அவர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார், ஒரு அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். அவள் வயதுக்கு இந்தக் காது அதிகம் என்றார். கரகரப்பு தொடங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டிய வார்த்தை.

ஐந்து வாரம் கழித்து மறுபடி வேலை வந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, அதோடு ஒரு பதிவு. அட்டைப்பெட்டி ஆலை வழக்கில் மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டு விசாரித்த பதிவு. ஆள் இல்லாமல் அவளுக்கு அனுப்பினார்களா, வேண்டுமென்றே அனுப்பினார்களா என்று அவள் கேட்கவில்லை.

திருத்தத்தைப் படித்த பிறகு, இந்தத் தடவை தொழிலாளியின் வக்கீல் கேட்டார்: "மணிக்கு முன்னாடின்னு சொல்றீங்க. அவர் மட்டும்தான் அப்படிக் கையை விடுவாரா?"

மேஸ்திரியின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எல்லாரும்தான் சார். நானும்தான். அந்த மணி உருளை நின்னு வெகு நேரம் கழிச்சுத்தான் அடிக்கும். அதுக்காகக் காத்துக்கிட்டிருந்தா பெட்டி எண்ணிக்கை முடியாது. நாங்க கண்ணால பாத்து விடுவோம். அன்னிக்கு நின்னுடுச்சுன்னு நினைச்சாரு. நிக்கலை."

"மேலே இருக்கறவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாம எப்படி சார்? தினமும் பாக்கறாங்களே."

பிறகு அதிகாரி தொழிலாளியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இழுத்துப் பேசும் அந்த மெல்லிய குரல் வந்தது. "மேஸ்திரி சொல்றதுதான் உண்மை. முன்னாடிதான் விட்டேன். உண்மையைச் சொன்னா ஒண்ணும் கிடைக்காதுன்னு பயந்துட்டேன்."

ஒவ்வொரு சொல்லாக அடித்தாள். அடித்து முடித்ததும் அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள். வேலைக்கு அது தேவையாக இருக்கவில்லை.

முடிவைப் பிரிவு அலுவலர் போனில் சொன்னார். தப்பு இரண்டு பக்கமும் உண்டு, பெரிய பங்கு ஆலையுடையது என்று அதிகாரி எழுதியிருந்தார். தொழிலாளி மணிக்குப் பின் என்றே நின்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நஷ்டஈட்டில் ஒரு பகுதி குறைந்தது. கூடவே, அட்டை சிக்கினால், உருளை முழுக்க நின்று தானாகத் திறக்கும்வரை கையே நுழையாதபடி எல்லா உருளைகளுக்கும் மூடி போட வேண்டும் என்று ஆலைக்கு உத்தரவு.

"சந்தோஷம்தானே அக்கா?" என்றார்.

"தெரியலை சார்" என்றாள். அது உண்மை.

அடுத்த மாதம் கையெழுத்துப் போடுகிற வேலையாக அவள் மன்றத்துக்குப் போனாள். கீழ்த்தளத்து நடையில் வரிசையாகப் பெஞ்சுகள், சுவரில் வழிகாட்டும் பலகை. பலகைக்கு முன்னால் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் கடக்கும்போது, "ஏங்க, உத்தரவு நகல் எங்கே குடுப்பாங்க?" என்று இழுத்துக் கேட்டார்.

அவளுக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். நினைத்திருந்ததைவிட உயரமான ஆள். காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்திருந்தார்.

"நேரா போய் வலது பக்கம், நாலாவது ஜன்னல்" என்றாள். "பதினொரு மணிக்குத்தான் திறப்பாங்க. உட்காருங்க, இன்னும் நேரம் இருக்கு."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் மாடிப்படி ஏறினாள்.